கோடு எங்கே விழ வேண்டும்: கோத்தகிரியில் ஒரு தமிழ் மாணவியும் கோடிட்ட அட்டைகளும்

கோத்தகிரிக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் இளம்பெண் ஒருவருக்கு ஏழு மாதங்கள் மாலை நேரத்தில் தமிழ் கற்பித்தேன். அப்போது நானும் அவரும் சேர்ந்து எழுதிய அட்டைகளைப் பற்றியது இந்த ஆய்வு. அட்டை என்று இங்கே சொல்வது உள்ளங்கை அகலமுள்ள தடித்த தாளை; அதன் ஒரு பக்கத்தில் ஒரு சொல் மறைக்கப்பட்ட வாக்கியம் இருக்கும், மறுபக்கத்தில் மறைக்கப்பட்ட சொல் இருக்கும். அவருடைய பெயரையும் தோட்டத்தின் பெயரையும் தவிர்த்துவிட்டு, மாணவி என்றே குறிப்பிடுகிறேன்.

மாணவி வந்தபோது இருந்த நிலை

ஜார்க்கண்ட் மாநிலத்தின் கும்லா மாவட்டத்திலிருந்து கணவருடன் நீலகிரிக்கு வந்தவர் அவர். பத்தாம் வகுப்பு வரை இந்தி வழியில் படித்தவர். வீட்டில் பேசுவது இந்திக்கு உறவான சாத்ரி மொழி. பாட்டி பேசியது குருக். தமிழ் எழுத்துகளில் பாதியைப் பேருந்துப் பலகைகளையும் கடைப் பெயர்களையும் பார்த்துத் தாமாகவே கற்றுக்கொண்டு வந்திருந்தார். மீதியை இரண்டு மாதங்களில் முடித்தோம். பெயர்ச்சொற்களுக்கும் பஞ்சமில்லை. கொழுந்து, கவாத்து, சாக்கு, எடை, சம்பளம், காய்ச்சல், மாத்திரை என்று வேலையும் வீடும் கொடுத்த சொற்கள் அவரிடம் ஏராளமாக இருந்தன. ஆனால் அவற்றைச் சேர்த்து ஒரு வாக்கியமாகச் சொல்லும்போதுதான் எதிரில் நிற்பவர் முகம் சுளித்தார்.

"அக்காவுக்கு பார்த்தேன்" என்பார். அக்காவைப் பார்த்தேன் என்பது பொருள். "கத்தியிலிருந்து வெட்டினேன்" என்பார். கத்தியால் வெட்டினேன் என்று கொள்ள வேண்டும். "அக்காவிலிருந்து பேசினேன்" என்பது அக்காவிடம் பேசினேன் என்பதற்கு. "நான் அவளிலிருந்து பெரியவள்" என்பது அவளைவிடப் பெரியவள் என்பதற்கு.

இவை கவனக்குறைவால் வந்த பிழைகள் அல்ல. இந்தியில் 'கோ' என்ற ஒரே சொல் நம்முடைய ஐ உருபின் வேலையையும் கு உருபின் வேலையையும் செய்கிறது; உருபு என்பது பெயரோடு ஒட்டி அதற்கும் வினைக்கும் உள்ள உறவைக் காட்டும் வேற்றுமை உருபு. 'சே' என்ற சொல்லோ ஆல், இலிருந்து, இடம், இடமிருந்து, விட என்று நாம் பிரித்து வைத்திருக்கும் பல இடங்களில் வந்து நிற்கிறது. மாணவி ஒவ்வொரு முறையும் முறை பிசகாமல் மொழிபெயர்த்தார். அந்த முறையில் தமிழுக்கு இடம் இல்லாததுதான் சிக்கல். ஒரு பக்கம் இந்திச் சொல், மறுபக்கம் தமிழ்ச் சொல் என்று முதலில் நாங்கள் எழுதி வைத்திருந்த அட்டைகள் பெயர்ச்சொல்லுக்குப் பயன்பட்டன, இதற்குப் பயன்படவில்லை. 'சே' என்று ஒரு பக்கத்தில் எழுதினால் மறுபக்கத்தில் எதை எழுதுவது? எந்த உருபு வரும் என்பதை வினையும் வாக்கியமும்தான் தீர்மானிக்கின்றன. ஆகவே வாக்கியத்தையே அட்டையில் வைத்து, உருபு வரும் இடத்தில் கோடு போடுவது என்று முடிவு செய்தோம்.

கோடிட்ட இடத்தை நிரப்புவது தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் புதிதல்ல. ஆனால் தேர்வுத்தாளில் இருக்கும் கோடு, பாடத்தைப் படித்தாயா என்று ஒரு முறை கேட்டுவிட்டுப் போய்விடும். அட்டையில் இருக்கும் கோடு மறக்கப் போகும் நேரம் பார்த்துத் திரும்பத் திரும்ப வந்து கேட்கிறது. மறதி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நிகழ்கிறது என்பதை ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹவுஸ் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி 1885இல் எழுதினார். அதே நாட்டின் செபாஸ்டியன் லைட்னர் 1972இல் அறிமுகப்படுத்திய அட்டைப் பெட்டி அந்த உண்மையை யாரும் கையாளக்கூடிய வடிவத்துக்குக் கொண்டுவந்தது: சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறாகச் சொன்ன அட்டை முதல் அறைக்குத் திரும்பும், பின் அறைகளைத் திறக்கும் இடைவெளி நீண்டுகொண்டே போகும். நாங்கள் ஒரு செருப்புப் பெட்டியை அட்டைத் துண்டுகளால் ஐந்தாகத் தடுத்துக்கொண்டோம். முதல் அறை தினமும், இரண்டாவது ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாவது வாரம் ஒருமுறை, நான்காவது இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை, ஐந்தாவது மாதம் ஒருமுறை.

இந்த வேலையைச் செய்யக் கைபேசிச் செயலிகள் உண்டு. 2006இல் வெளிவந்த அங்கி (Anki) அவற்றுள் பலர் அறிந்தது. ஆண்ட்ராய்டு கைபேசியில் அது இலவசம். வாக்கியத்தில் ஒரு சொல்லை இரட்டை நெளிவு அடைப்புக்குள் இட்டால் அந்தச் சொல்லை அதுவே மறைத்துக் காட்டும். ஆனால் மாணவியின் வீட்டில் கைபேசி ஒன்றுதான் இருந்தது, அதுவும் கணவரோடு தொழிற்சாலைக்கு இரவு வேலைக்குப் போய்விடும். ஆகவே தாள்தான் என்றானது. மழைக்காலத்தில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும் ஊர் இது. ஜெல் பேனா மை இரண்டே வாரத்தில் பரவி எழுத்து கலங்கியது. பந்துமுனைப் பேனாவுக்கு மாறிய பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது.

முதல் தொகுதியின் பிழை

முதல் தொகுதியில் உருபை மட்டும் மறைத்தேன். "நான் நேற்று வீட்டு____ப் போனேன்", "நான் கடை____ அரிசி வாங்கினேன்", "பெரிய மரத்____ப் பார்த்தேன்" என்பது போல. இரண்டு வாரங்களில் மாணவி ஏறக்குறைய எல்லா அட்டைகளுக்கும் தயங்காமல் விடை சொன்னார். பல அட்டைகள் மூன்றாம் அறைக்குப் போய்விட்டன. நான் மகிழ்ந்தேன். ஒருநாள் பெட்டியை மூடிவிட்டு, நேற்று எங்கே போனாய் என்று சும்மா கேட்டேன். "கடை போனேன் டீச்சர்" என்றார். சற்று முன்னர்தான் கடைக்கு என்று அட்டையைப் பார்த்துச் சரியாகச் சொல்லியிருந்தார்.

எப்படி விடை கண்டுபிடிக்கிறாய் என்று கேட்டபோது ஒளிவில்லாமல் சொன்னார்: "கோட்டுக்கு அப்புறம் ப், க் இருந்தா கு இல்ல ஐ. ஒண்ணும் இல்லன்னா ல்."

அவர் கண்டுபிடித்தது முற்றிலும் சரி. இரண்டாம் வேற்றுமை உருபான ஐயும் நான்காம் வேற்றுமை உருபான குவும் வெளிப்படையாக வரும்போது அடுத்த சொல்லின் முதலில் உள்ள வல்லினம் மிகும். ஆல், இல், இலிருந்து, இடம் ஆகியவற்றுக்குப் பின் மிகாது. நான் உருபை மறைத்துவிட்டு, அந்த உருபு விட்டுச்சென்ற ப், க் என்ற ஒற்றெழுத்தைக் கோட்டுக்கு வெளியே அப்படியே எழுதி வைத்திருந்தேன். மாணவி வாக்கியத்தின் பொருளைப் படிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. புணர்ச்சி விதி ஒன்றைத் தாமாகவே வடித்தெடுக்கும் அறிவு அவருக்கு இருந்தது என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் சந்தையிலோ எடை போடும் இடத்திலோ யாரும் அவருக்கு முன்கூட்டியே ஒற்றெழுத்தைக் கொடுக்கப் போவதில்லை.

அதைவிடப் பெரிய குறை கோட்டுக்கு முன்னால் இருந்தது. தமிழில் உருபு ஏறும்போது பெயர்ச்சொல் பல இடங்களில் உருமாறுகிறது. மரம் மரத்தை ஆகிறது; வீடு வீட்டுக்கு ஆகிறது; ஆறு ஆற்றில் ஆகிறது; ஊர் மாறாமல் ஊருக்கு என்று நிற்கிறது. வேறு மொழியிலிருந்து வருபவருக்குக் கடினமானது இந்த மாற்றம்தான். நான் 'மரத்' என்றும் 'வீட்டு' என்றும் எழுதிக் கொடுத்ததன் மூலம் கடினமான பாதியை நானே செய்து முடித்துவிட்டு, எளிதான பாதியை மட்டும் அவரிடம் விட்டிருந்தேன். அவர் அட்டைக்கு வெளியே 'வீடுக்கு', 'மரம்ல' என்று சொன்னதன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

அந்தத் தொகுதி முழுவதையும் கிழித்துவிட்டோம். புதிய அட்டைகளில் சொல்லை முழுவதுமாக மறைத்தோம், தொடர்ந்து வரும் ஒற்றும் கோட்டுக்குள் போனது. வேர்ச்சொல்லை மட்டும் வாக்கியத்தின் முடிவில் அடைப்புக்குள் எழுதினோம். "நேற்று வேலை முடிந்ததும் நான் ________ போய் அரிசி வாங்கினேன். (கடை)" விடை: கடைக்குப். "மலை ரயில் காலையில் ________ புறப்பட்டு உதகைக்கு வருகிறது. (மேட்டுப்பாளையம்)" விடை: மேட்டுப்பாளையத்திலிருந்து. இந்த இரண்டாவது அட்டையை மாணவி பதினோரு முறை தவறவிட்டார். ஆனால் அதில் வென்றபின் கோயம்புத்தூர் பேருந்தைப் பற்றிப் பேசும்போதும், பக்கத்து ஊர்க்காரரைப் பற்றிப் பேசும்போதும் இலிருந்து தானாக வந்தது.

விடையைத் திறந்துவைத்த வாக்கியங்கள்

முழுச்சொல்லை மறைத்ததும் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சிக்கல் வந்தது. "________ பணம் வாங்கினேன். (அக்கா)" என்ற அட்டைக்கு அக்காவிடம் என்பது நான் எழுதி வைத்த விடை. மாணவி அக்காவிடமிருந்து என்றார், அதுவும் சரி. இன்னொரு நாள் அக்காவுக்கு என்றார். அக்காவுக்காக நான் போய்ப் பணம் வாங்கினேன் என்று கொண்டால் அதுவும் சரிதான். சரியான விடையைச் சொல்லிவிட்டு அட்டையை முதல் அறைக்குத் திருப்பி வைக்க வேண்டியிருந்ததைப் போல அவரைச் சோர்வடையச் செய்தது வேறு எதுவும் இல்லை. ஒருமுறை பெட்டியைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தே போய்விட்டார். அவர் பக்கம் நியாயம் இருந்தது.

இங்கே வில்சன் டெய்லரை நினைத்துக்கொள்கிறேன். அமெரிக்கரான அவர் 1953இல் முன்வைத்த முறையில் ஒரு பத்தியில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு ஒரு சொல்லாக, எந்தச் சொல் அகப்படுகிறது என்று பாராமல் நீக்கிவிட்டு, படிப்பவரை நிரப்பச் சொல்வார்கள். அந்தப் பத்தி படிக்க எளிதா கடினமா என்று அளப்பதே நோக்கம். அங்கே நிரப்ப முடியாத இடம் வருவதும் ஒரு தகவல். கற்பிக்கும் அட்டையில் அப்படி இருக்கலாகாது. மறைக்காமல் விட்ட சொற்கள் ஒரே விடையை நோக்கித் தள்ள வேண்டும். ஆகவே மறைக்கும் சொல்லைத் தேர்ந்தெடுக்கச் செலவிட்ட நேரத்தைவிட, மறைக்காமல் விடும் சொற்களைத் தேர்ந்தெடுக்க நாங்கள் அதிக நேரம் செலவிட வேண்டியிருந்தது. அந்த அட்டை கடைசியில் இப்படி ஆனது: "என் கையில் காசு இல்லை. ________ கடன் கேட்டேன், தந்தாள். (அக்கா)" கேட்டேன் என்ற வினை வந்ததும் இடம் தவிர வேறு உருபுக்கு வழியில்லை. எங்கே இரண்டு விடைகளைத் தவிர்க்கவே முடியவில்லையோ, அங்கே இரண்டையும் பின்பக்கத்தில் எழுதி, எதைச் சொன்னாலும் சரி என்று வைத்துக்கொண்டோம்.

ஒரு வாக்கியத்தில் இரண்டு கோடுகள் போட்டுப் பார்த்ததையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: பயனில்லை. ஒன்று சரி, ஒன்று தவறு என்றால் அட்டை எந்த அறைக்குப் போவது என்றே தெரியவில்லை. இரண்டு உருபுகள் வேண்டுமென்றால் இரண்டு அட்டைகள்தான்.

தாள் அட்டைக்கே உரிய ஓர் ஆபத்தும் உண்டு. மாணவி சில அட்டைகளை வாக்கியத்தைப் படிக்குமுன்பே அடையாளம் கண்டுகொண்டார். ஒன்றில் மூலை மடிந்திருந்தது, ஒன்றில் தேநீர்க் கறை. அதனால் ஐந்தாம் அறையை எட்டிய ஒவ்வோர் அட்டையையும், அதே உருபும் வேறு பெயரும் வேறு வினையும் கொண்ட புது வாக்கியமாக மாற்றி எழுதினோம். கத்தியால் வாழைக்காயை வெட்டியவர் அடுத்து மழையால் வேலைக்குப் போகாமல் இருந்தார்.

வாக்கியங்கள் வந்த இடம்

முதலில் வாக்கியங்களைக் குழந்தைகளின் பாடநூல்களைப் போல நானே இட்டுக்கட்டினேன். குயில் மரத்தில் கூவியது. அரசன் புலவருக்குப் பரிசு தந்தான். இலக்கணம் பிசகாத வாக்கியங்கள். ஆனால் மாணவியின் நாளில் குயிலும் இல்லை, அரசனும் இல்லை. பிறகு ஒரு சிறிய நோட்டைக் கொடுத்து, நாள் முழுவதும் எந்த வாக்கியத்தைச் சொல்ல விரும்பிச் சொல்ல முடியாமல் போகிறதோ அதை இந்தியிலாவது எழுதி வரச் சொன்னேன். இந்த ஒரு மாற்றம் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் செய்தது என்று உறுதியாகச் சொல்வேன்.

நோட்டில் வந்தவை இப்படி இருந்தன: காய்ச்சல் முந்தாநாளிலிருந்து இருக்கிறது. இந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா கொடுப்பது? என் பையனை எந்த வயதில் அங்கன்வாடியில் சேர்ப்பீர்கள்? ஒருநாள் வந்த வாக்கியத்தின் பின்னால் ஒரு நிகழ்ச்சி இருந்தது. எடை போடும் இடத்தில் அவர் பறித்த கொழுந்து வேறொருவர் பெயரில் எழுதப்பட்டுவிட்டது. தவறு நடந்தது அவருக்குத் தெரிந்தது, சொல்லத் தெரியவில்லை. "என் கொழுந்துக்கு அவர் பேர்" என்று தொடங்கி நிறுத்திவிட்டார். அன்றைய கூலியில் அந்த எடை சேரவில்லை. அன்று மாலை எழுதிய அட்டை இது: "நீங்கள் என் ________ வேறொருவர் பெயரில் எழுதிவிட்டீர்கள். (கொழுந்து)" அந்த அட்டையை அவர் ஒருமுறைகூடத் தவறவிடவில்லை.

பேச்சும் எழுத்தும்

நான் மிகத் தாமதமாகத் திருத்திக்கொண்டது இதைத்தான். அட்டையில் அக்காவிடம் என்று படித்தவர் காதில் விழுந்தது அக்காகிட்ட. கடையிலிருந்து என்று படித்தவர் கேட்டது கடைல இருந்து. கடையைப் பார்த்தேன் என்பது கடைய பாத்தேன் என்று வந்தது. பேச்சு வழக்கைத் தாளில் எழுதிக் கொடுக்க எனக்குக் கை கூசியது. ஆசிரியர் வேலையில் பல ஆண்டுகள் அதைச் சிவப்பு மையால் அடித்தவள் நான். ஆனால் அவருடைய முதல் தேவை காதுக்கும் வாய்க்கும் உரியது. படிக்க வேண்டியவை மருந்துச் சீட்டும் அறிவிப்புப் பலகையும் மட்டுமே. நான்காம் மாதத்திலிருந்து பேச்சுக்கு நீல அட்டை, எழுத்துக்கு வெள்ளை அட்டை என்று பிரித்தோம். நீல அட்டையை நான் வாய்விட்டுப் படிப்பேன், கோடு வரும் இடத்தில் நிறுத்துவேன், அவர் நிரப்புவார். ஒரே அட்டையில் இரண்டையும் கலந்து வைத்திருந்த முதல் மூன்று மாதங்களை வீணாக்கியது என் பிடிவாதம்தான்.

இன்னொரு செய்தியையும் பதிவுசெய்ய வேண்டும். இந்தியில் 'ஹம்' என்ற ஒரே சொல் இருப்பதால் நாம், நாங்கள் என்ற வேறுபாட்டில் மாணவி கட்டாயம் இடறுவார் என்று எண்ணி, அதற்கென்று ஒரு கட்டு அட்டைகளை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன். அவர் முதல் நாளே ஒன்றுகூடத் தவறவில்லை. கேட்டபோது, பாட்டியின் பேச்சில் ஏம் என்றால் உன்னை விட்டுவிட்டு நாங்கள், நாம் என்றால் உன்னையும் சேர்த்து நாம் என்றார். குருக், வடக்கே வெகு தொலைவில் பேசப்பட்டாலும் திராவிட மொழி. நீ என்பதற்கு அங்கே நீன். படுகு, தோடா, கோத்தா என்ற திராவிட மொழிகள் பேசப்படும் இந்த மலையில் நெடுங்காலம் வாழ்ந்தும், தொலைவிலிருந்து வந்த ஒரு பெண் நம்முடைய நாம் என்ற சொல்லைத் தம் பாட்டியின் சொல்லாகக் கொண்டுவருவார் என்று நான் எண்ணியதே இல்லை. அந்த அட்டைக் கட்டு பயன்படாமல் என்னிடமே இருக்கிறது.

மாறியதும் மாறாததும்

தொடக்கத்திலும் ஏழாம் மாத முடிவிலும், அன்றைய நாளைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொல்லி ஒலிப்பதிவு செய்தேன். முதல் பதிவில் ஐ வரவேண்டிய இடங்களில் பெரும்பாலும் கு வந்தது, அல்லது உருபே வரவில்லை. இறுதிப் பதிவில் அந்தக் குழப்பம் அரிதாகிவிட்டது. ஆல், இலிருந்து, கிட்ட ஆகிய மூன்றும் தத்தம் இடத்தில் நின்றன. வீட்டுக்கு, மரத்துல, ஆத்துல என்று சொல்லின் உருமாற்றமும் பெரும்பாலும் சரியாக வந்தது.

தமிழ் பேசும் ஊரில் நாள் முழுவதும் வேலை செய்பவர் அவர்; அட்டை இல்லாமலும் ஓரளவு கற்றிருப்பார். ஒரே ஒருவரைக் கொண்டு செய்த முயற்சியில் எது எதனால் விளைந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் ஒரு குறிப்பு இருக்கிறது. விட என்பதற்குக் கடைசி வரை நான் அட்டை எழுதவே இல்லை, மறந்துவிட்டேன். அக்கம்பக்கத்தில் தினமும் கேட்கும் சொல்தான் அது. இருந்தும் இறுதிப் பதிவில் "போன மாசத்துல இருந்து இந்த மாசம் சம்பளம் அதிகம்" என்றுதான் சொன்னார். அட்டை எழுதிய உருபுகள் நேராகிவிட்ட அதே வாயில், அட்டை எழுதாத உருபு பழையபடியே இருந்தது. வினைமுற்றின் விகுதிகளிலும், வந்தார்கள் என்பதற்கு வந்தார் என்பது போன்ற தடுமாற்றங்கள் தொடர்கின்றன. அவற்றுக்கும் நாங்கள் அட்டை எழுதவில்லை.

எடை போடும் இடத்தில் ஆறாம் மாதத்தில் அதே தவறு மீண்டும் நடந்தது. இந்த முறை அவர் நின்று, "என் கொழுந்த அவங்க பேர்ல எழுதிட்டீங்க" என்று சொல்லியிருக்கிறார். உடனே திருத்தி எழுதிக் கொடுத்தார்கள்.

இப்போது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லைன் வீட்டில் பக்கத்து அறைக்குக் கும்லாவிலிருந்தே இன்னொரு குடும்பம் வந்திருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு மாணவியே அட்டை எழுதத் தொடங்கியிருக்கிறார். சென்ற வாரம் எழுதிய முதல் சில அட்டைகளைப் பார்வைக்குக் கொண்டுவந்தார். "நான் நேற்று ________ப் பார்த்தேன். (டாக்டர்)" என்று ஒன்று இருந்தது. நான் வாயைத் திறக்குமுன் அவரே அட்டையைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். பேனாவை எடுத்து, கோட்டின் ஓரத்தில் வெளியே நின்ற ப் மீது மையை நன்றாக அழுத்திப் பூசி மறைத்தார்.